ஃபிரிட்ஜுக்குள் சாவி

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும்
ஒலிப்பதிவுக்காரி முதலில் தேடுவது ஃபிரிட்ஜைத்தான்.
தூங்காத நோயாளிபோல அது முனகிக்கொண்டே இருக்கும்.
வயரைப் பிடுங்கிவிட்டு
என் வீட்டுச் சாவியை அதற்குள் வைப்பேன்.
திரும்ப ஓடவிட மறந்தால் வீட்டுக்காரர் மீன் கெடும்.
சாவி இல்லாமல் நான் வீடு போக முடியாது,
அதனால் மறக்க முடியாது.
எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த தந்திரம்.
அவனுக்கு மட்டும் தெரியாது.

யங்கூன், ஐம்பத்தோராம் தெரு, நான்காம் மாடி.
மாடிதோறும் தெருவுக்குத் தொங்கும் கயிறு, நுனியில் கிளிப்.
கீழே நின்று இழுத்தால்
மேலே யாருக்கோ மணி அடிக்கும்.

படத்துக்குள் ஒரு டைரக்டர்.
தன்னை விட்டுப் போனவளாக நடிக்க
ஒருத்தியைத் தேடுகிறான்.
படத்துக்கு வெளியேயும் அதே கதைதான்,
அதே சட்டைதான், அவனேதான் நடித்தான்.
போஸ்டரில் சோ நாயிங். வீட்டில் குமணன்.
பணம் எண்ணவும் கோபப்படவும் மட்டும் தமிழ்.

பதினோரு பெண்கள் வந்தார்கள்.
"டீயைக் குடி. எழுந்து போ. திரும்பிப் பார்க்காதே."
ஒருத்தி அழுதபடி போனாள்.
ஒருத்தி கதவை அறைந்தாள்.
தாம்வேயிலிருந்து வந்த பல் டாக்டர்
கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள்.
நானாக இருந்தால் அவளை எடுத்திருப்பேன்.
"அவ இப்படிப் போகலை" என்றான்.
எப்படிப் போனாள் என்றால்
சொல்லத் தெரியவில்லை.

முத்தக் காட்சி கிடையாது, தணிக்கையில் தங்காது.
முத்தச் சத்தம் வேண்டும் என்றான்,
இருட்டில், மூன்று நொடி.
கீழே டீக்கடைக்கு இறங்கினேன்.
இந்த ஊரில் கடைப்பையனைக் கூப்பிட
உதட்டைக் குவித்து உறிஞ்சினால் போதும்.
காலை ஏழு மணிக்கு நாற்பது ஆண்கள்
ஒரு சின்னப் பையனைக்
காற்றில் முத்தமிட்டு அழைத்தார்கள்:
பால் தூக்கலாக ஒன்று,
சர்க்கரை குறைத்து இரண்டு,
இங்கே கணக்கு.
கடைசியில் தேறியது ஒரு லாரி டிரைவருடையது.
முன்பல் ஒன்று இல்லாததால்
அதில் கொஞ்சம் காற்றும் இருந்தது.
குமணன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.
"மறுபடி போடு."
மறுபடி.
யாருடையது என்று அவன் கேட்கவில்லை.

கடைசி நாள் மழை.
பன்னிரண்டாமவள் வரவில்லை.
வெளிச்சம் பார்க்க என்னை நாற்காலியில் உட்காரவைத்தார்கள்.
காதில் ஹெட்போன், முன்னால் ஆறிப்போன டீ.
மணி மூன்று.
காலையிலிருந்து வியர்த்துக்கொண்டிருக்கும்
வீட்டுக்காரம்மாவின் உல்லம் மீன் நினைவுக்கு வந்தது.
எழுந்தேன். போனேன்.

கேமரா ஓடிக்கொண்டிருந்தது தெரியாது.
அவன் சட்டையில் குத்திய மைக்கும் ஓடிக்கொண்டிருந்தது,
அது அவனுக்குத் தெரியாது.
நடைவழி முழுக்க என் காதுக்குள் அவன் மூச்சு.
சமையலறை வாசலில் ஒரு பொத்தான் உரசல்.
பிறகு தமிழில்,
பணமும் இல்லை, கோபமும் இல்லை:
"அவ்வளவுதானா?"

சுவர் குறுக்கே வந்தது.
வெறும் இரைச்சல்.

எங்கோ ஒரு குளிர்தேசத்து விழாவில் படம் போட்டார்கள்.
கடைசி ஷாட் என் முதுகு,
ஒரு நிமிடம் பதினான்கு நொடி.
ஒரு பெண் எப்படி விடைபெறுவாள் என்பதை
இதைவிடத் துல்லியமாக யாரும் காட்டியதில்லையாம்.
அன்றிரவு ஃபோன் செய்தான்.
அன்றைக்கு எங்கே எழுந்து போனாய்?
பர்மியத்தில்தான் கேட்டான்.
மீனைப் பற்றிச் சொன்னேன்.
சிரித்தான், அரைகுறையாக.

சொல்லாதது:
வயரைச் செருகாமல் கொஞ்ச நேரம் நின்றேன்.
கையில் சாவி, உள்ளங்கையில் அதன் பற்கள்.
இரைச்சலுக்குள் இன்னொரு சொல் வருமா என்று
ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு.
மாடிக்கு மாடி மழைத்தண்ணீர்
கயிறுகளைப் பிடித்து இறங்கிக்கொண்டிருந்தது.
எங்கோ ஒரு மணி அடித்தது, எங்கள் வீட்டுக்கு அல்ல.

பிறகு செருகினேன்.
ஃபிரிட்ஜ் உதறிக்கொண்டு முனகத் தொடங்கியது.
அது முனகினால்
அந்த வீட்டில் வேறெதையும்
பதிவுசெய்ய முடியாது.